சேப்பாக்கத்தில் மேட்ச்... பேட்டையில் மீசைப் பந்தயம்! 5 நாள் ஆருடம் கடைசி ஓவரில் காலை வாரியது

சிந்தாதிரிப்பேட்டைக்குள் காலையில் நுழைந்தால் முதலில் மீன் வாடை வரும். நாலடி தள்ளி டீ வாசனை வரும். அதற்குப் பின்னாலேயே வருவது ஆருடம்!

"எழுதி வச்சுக்கோ நைனா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் சுருண்டுடும்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னே. சுருண்டது யாரு?"

கிளாசில் டீ ஆறும்வரை இந்தப் பேச்சு ஓடும். அருணாசல நாயக்கன் தெருவாக இருந்தாலும் சரி, ஐயா முதலி தெருவாக இருந்தாலும் சரி, தெருவுக்கு ஒரு கிரிக்கெட் ஜோசியர் இல்லாமல் இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தானும் மட்டை பிடிப்பார். மற்ற ஆறு நாளும் ஊரார் மட்டைக்கு ஜாதகம் கணிப்பார். ஜெயித்தால் மார் தட்டுவார். தோற்றால் அம்பயர், பிட்ச், காற்று என்று யார் தலையிலாவது போட்டுவிட்டு, மறுநாள் காலை அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்து புது ஆருடம் சொல்லுவார்.

அப்படிப்பட்ட பல பேரை ஒன்றாகக் கூட்டி ஒரே ஆளாக ஆக்கினால் எப்படி இருப்பார்? அவர்தான் இந்தக் கதையின் நாயகர். பேர் வேண்டாம், 'ஜோசியர்' என்றாலே போதும். கூட இருக்கும் டீக்கடைக் கூட்டாளிகளும் அதே ரகம். ஆனால் அவர் ஆருடம் சொன்ன மேட்ச் மட்டும் ரன்னுக்கு ரன் நிஜம்.

1986ம் வருடம் செப்டம்பர் மாதம். ஜோசியருக்கு அப்போது வயது 34. அண்ணா சாலையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தீவுத்திடலில் ஞாயிறுதோறும் இடது கை ஸ்பின் பவுலர். பந்து திரும்பும் என்று அவர் சொல்வார். பேட்ஸ்மேன்கள் அப்படிச் சொன்னதில்லை.

சேப்பாக்கம் ஸ்டேடியம் பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். அண்ணா சாலையைத் தாண்டி வாலாஜா ரோட்டில் விடுவிடு என்று நடந்தால் வந்துவிடும். இப்போதானால் பறக்கும் ரெயிலில் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனே சேப்பாக்கம்தான். 1995ல்தான் அந்த ரெயில் வந்தது. அதற்கு முன்னால் நடராஜா சர்வீஸ்.

அந்த சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் மேட்ச். செப்டம்பர் 18 வியாழக்கிழமை ஆரம்பம், 22 திங்கட்கிழமை முடிவு. நடுவில் ஓய்வு நாள் கிடையாது.

பாதி மீசை பந்தயம்

வியாழக்கிழமை காலை டீக்கடையில் மூன்று பேர். ஒருவர் ஜோசியர். இன்னொருவர் மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் பக்கத்துத் தெரு அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர்.

"இந்தியா கெலிக்கும்" என்றார் ஜோசியர்.

"ஆஸ்திரேலியாதான். மட்டையைப் புடிச்சா அவன் இறங்கவே மாட்டான்" என்றார் மீன்கடைக்காரர்.

அச்சகத்துக்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "டிரா. நம்ம ஊர்ல அஞ்சு நாள் ஆட்டம் வேற எதுல முடிஞ்சிருக்கு?"

பணம் வைத்துப் பந்தயம் கட்ட மூவருக்கும் வசதி இல்லை. மாசக் கடைசி நெருங்குகிறது. பந்தயப் பொருள் மூக்குக்குக் கீழேயே இருந்தது. சொன்னது பலிக்காதவர் பாதி மீசையை மழித்துக்கொண்டு ஒரு வாரம் பேட்டையில் நடமாட வேண்டும். நடுவில் ஆருடத்தை மாற்றக்கூடாது. டீக்கடை நாயர் சாட்சி.

வெற்றி, தோல்வி, டிரா என்று மூன்றுக்கும் ஆள் இருந்ததால் எப்படியும் இரண்டு மீசை போவது நிச்சயம் என்று பேட்டையே நம்பியது.

வாந்தியோடு ஒரு இரட்டைச் சதம்

வியாழக்கிழமை ஆபீசில் ஜோசியரின் மேஜை டிராயருக்குள் டிரான்சிஸ்டர். சத்தம் குறைவு, காது டிராயருக்கு அருகில். டேவிட் பூன் 122 ரன் அடித்துவிட்டுத்தான் அவுட் ஆனார். அன்று ஆட்டம் முடியும்போது ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 211. டீன் ஜோன்ஸ் 56 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைதான் கொடுமை. சென்னை வெயிலைப் பற்றிப் பேட்டைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதோடு கடல் புழுக்கம். ஸ்டேடியத்தை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் நாற்றம் வேறு. மீன் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவர்களே மூக்கைப் பொத்தும் இடம் அது. 25 வயது ஜோன்ஸ் அந்த வெயிலில் நின்று அடித்தார். கால் நரம்பு இழுத்தது. ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். போதும், வெளியே போகிறேன் என்று சொன்னவரிடம், உன்னால் முடியாவிட்டால் குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிற ரீதியில் கேப்டன் பார்டர் ரோஷத்தைக் கிளப்பிவிட்டார். ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்துக்காரர். விட்டுக்கொடுப்பாரா?

210 ரன்! எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று எடுத்த ரன். அவுட் ஆனதும் ஆஸ்பத்திரி, கையில் சலைன். பார்டரும் தன் பங்குக்கு 106 எடுத்தார். இரண்டாம் நாள் முடிவில் 6 விக்கெட்டுக்கு 556.

சாயங்காலம் டீக்கடையில் மீன்கடைக்காரர் ஜோசியரின் மீசையை அளந்து பார்த்தார். "இடது பக்கமா, வலது பக்கமா?"

"மேட்ச் இன்னும் மூணு நாள் இருக்கு" என்றார் ஜோசியர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வீட்டில் இன்னும் மோசம். "கிருஷ்ணாயில் கியூவுல மூணு மணி நேரம் நின்னுட்டு வரேன். உங்க ஜோசியம் பலிக்கிறதா இருந்தா நான் எதுக்கு கியூவுல நிக்கிறேன்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஜோசியரிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ரன்னோடு டிக்ளேர் செய்தது. பதிலுக்கு ஆடிய இந்தியாவில் கவாஸ்கர் எட்டே ரன்னில் அவுட். அது அவர் தொடர்ச்சியாக ஆடிய நூறாவது டெஸ்ட்! நம்ம ஊர்ப் பையன் ஸ்ரீகாந்த் வழக்கம்போல பட்டாசு வெடித்து 53. ரவி சாஸ்திரி 62. இருந்தும் நாள் முடிவில் 7 விக்கெட்டுக்கு 270. 375 எட்டாவிட்டால் பாலோ ஆன்.

சனிக்கிழமை ராத்திரி ஜோசியர் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பக்க மீசையைக் கையால் மறைத்துப் பார்த்ததாகக் கேள்வி.

தீவுத்திடலில் நழுவிய கேட்ச்

ஞாயிறு விடிந்தது. ஜோசியருக்குச் சொந்த மேட்ச். தீவுத்திடலில் பேட்டைப் பையன்களுக்கும் புதுப்பேட்டைப் பையன்களுக்கும் மோதல். காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்துவிட்டு சேப்பாக்கத்துக்கு ஓடுவதாகத் திட்டம். தெரு கிரிக்கெட்டில் நேரத்துக்கு எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. பந்து ஒன்று கூவத்தில் போய் விழுந்தது. இன்னொரு பந்து வாங்கக் காசு வசூலிப்பதிலேயே அரை மணி நேரம் போனது.

பத்தரைக்கு ஜோசியர் எல்லைக்கோட்டில் பீல்டிங். பக்கத்தில் ஒருவர் கையில் டிரான்சிஸ்டர். அந்தக் காலத்தில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்கள் தமிழில் வர்ணனை சொன்னால் பந்து கண்ணுக்குத் தெரியும். சேப்பாக்கத்தில் கபில்தேவ் கோடாலி எடுத்து விறகு பிளந்துகொண்டிருந்தார். ஜோசியரின் இரண்டு காதும் ரேடியோவில்.

அந்த நேரம் பார்த்து அவர் தலைக்கு மேல் ஒரு கேட்ச்!

"அண்ணாத்தே, பால்! பால்!" என்று பத்து பேர் கத்தினார்கள். பந்து ஜோசியரின் தோளில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. அன்று பேட்டை அணி தோற்றது அந்த நாலு ரன்னில்தான். கபில் 119 அடித்தார். பாலோ ஆன் ஆபத்து நீங்கி இந்தியா 397. ஜோசியர் மட்டும் ஒரே நேரத்தில் சிரித்தார், திட்டும் வாங்கினார்.

மேட்ச் முடிந்து மர நிழலில் உட்கார்ந்தபோது, அம்பயராக நின்ற பெரியவர் ஒரு கதை சொன்னார். திருவல்லிக்கேணி எம்.ஜே. கோபாலன் கதை. அந்தக் காலத்துச் சென்னை விளையாட்டு ரசிகர்கள் பலருக்கும் மனப்பாடமான கதை.

கோபாலன் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர். ஹாக்கியிலும் புலி. பர்மா ஷெல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டும் ஆடியவர். ஆட்டத்துக்கென்று சம்பளம் கிடையாது. 1934 நவம்பர் 4ந் தேதி இதே சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த மேட்ச்தான் ரஞ்சி கோப்பையின் முதல் மேட்ச். அதில் முதல் பந்தை வீசிய கை கோபாலனுடையது. மேட்ச் ஒரே நாளில் முடிந்துபோனது. 1935ல் தியான்சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார்.

1936ல் வந்தது சோதனை. ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணியில் இடம். இரண்டும் ஒரே சமயம். கோபாலன் மனக்கணக்குப் போட்டார். கிரிக்கெட் என்று முடிவு செய்து கப்பல் ஏறினார்.

இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆட விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15ந் தேதி பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கி தங்க மெடலை வாங்கியது!

கோபாலன் ஆடிய டெஸ்ட் மொத்தம் ஒன்று. அதுவும் அதற்கு முன்பே, 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியது. அதன் பின் இன்னொன்று கிடைக்கவில்லை. 2003 டிசம்பரில் காலமாகும்வரை மரியாதைக்குரிய மனிதராகவே வாழ்ந்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த போட்டிக்கு அவர் பேரில்தான் கோப்பை. ஆனால் அந்த மெடல்?

"நீ கேட்சை விட்டே. உனக்கு மீசைதான் போவும்" என்று பெரியவர் வெற்றிலையைத் துப்பினார். ஜோசியர் ஒன்றும் பேசவில்லை.

காலமான பாட்டிகள்

நாலாம் நாள் ஆட்டம் முடிகிறபோது ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்சில் 5 விக்கெட்டுக்கு 170. திங்கட்கிழமை காலை பார்டர் எல்லாரையும் திகைக்க வைத்தார். அதே ஸ்கோரில் டிக்ளேர்! இந்தியா ஜெயிக்க ஒரே நாளில் 348 ரன் வேண்டும்.

அன்று அண்ணா சாலை ஆபீஸ்களில் பாதிப் பேருடைய பாட்டி காலமானார்கள். சிலருடைய பாட்டிக்கு அது மூன்றாவது மரணம். ஜோசியரும் கேஷுவல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரோ 'டிராதானே' என்று தள்ளிவிட்ட டிக்கெட்டோடு வாலாஜா ரோட்டில் நடந்தார்.

ஸ்ரீகாந்த் 39. கவாஸ்கர் கல் மாதிரி நின்றார். அமர்நாத் 51. தேநீர் இடைவேளைக்கு 2 விக்கெட்டுக்குச் சுமார் 190. கேலரியில் ஜோசியரின் காலர் தூக்கி நின்றது. ரிச்சி தெரு ரேடியோ கடை வாசலில் கூட்டம் கூடி வண்டிகள் போக வழியில்லை.

கவாஸ்கர் 90ல் அவுட். வந்த வேகத்தில் கபில்தேவ் 1 ரன்னில் அவுட். அசாருதீன் 42, பண்டிட் 39 என்று ஆளுக்குக் கொஞ்சம் தள்ளினார்கள். ஒரு முனையில் ஆப் ஸ்பின்னர் கிரெக் மாத்யூஸ் ஓயாமல் வீசினார். அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார் மனிதர்! ஊட்டிக்கு வந்ததாக நினைப்போ என்னவோ. மறுமுனையில் இடது கை ஸ்பின்னர் ரே பிரைட். இருவரும் ஆளுக்கு ஐந்து விக்கெட்.

331ல் சேத்தன் சர்மா போனார். 334ல் கிரண் மோரே. 344ல் சிவலால் யாதவ். ஒன்பது விக்கெட் காலி. இன்னும் வேண்டியது 4 ரன். மறுமுனையில் சாஸ்திரி இருக்கிறார். கடைசி ஆளாக வந்தவர் மனிந்தர் சிங். பந்து வீச அவரைக் கூப்பிடலாம். மட்டையைக் கையில் கொடுப்பதுதான் பயம்.

கடைசி ஓவர். வீசுபவர் மாத்யூஸ்.

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஓவர் ஆரம்பித்தபோது எந்த முடிவும் சாகவில்லை. 4 ரன் எடுத்தால் இந்தியாவுக்கு வெற்றி, ஜோசியர் தப்பினார். அதற்குள் விக்கெட் விழுந்தால் ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி, மீன்கடைக்காரர் தப்பினார். ரன்னும் வராமல் விக்கெட்டும் விழாமல் ஓவர் முடிந்தால் டிரா, அச்சகத்துக்காரர் தப்பினார்.

முதல் பந்து. ரன் இல்லை.

இரண்டாவது பந்து. சாஸ்திரி தட்டிவிட்டு ஓடினார். 2 ரன்.

மூன்றாவது பந்து. 1 ரன். ஸ்கோர் சமம்! இனி இந்தியா தோற்காது. மீன்கடைக்காரர் கதை முடிந்தது. ஆனால் சாஸ்திரி அந்தப் பக்கம் போய்விட்டார். மட்டை மனிந்தர் கையில். அந்த ஒரு ரன்னை எடுத்திருக்கலாமா, வேண்டாமா என்று பேட்டை பெஞ்சுகளில் நடந்த விவாதத்தில் ஆறிப்போன டீ கணக்கில் அடங்காது.

நான்காவது பந்து. மனிந்தர் தடுத்தார்.

ஐந்தாவது பந்து. காலில் பட்டது. பதினோரு ஆஸ்திரேலியரும் ஒரே குரலில் அலறினார்கள். அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் மேலே போனது!

347 ஆல் அவுட். ஆஸ்திரேலியா இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 744. இந்தியா இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 744. ஒரு பந்து பாக்கி.

பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மனிந்தர் சொன்னார். விக்ரம்ராஜு தன் தீர்ப்பு சரி என்றார். அவருக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

அங்கேயும் சிம்ப்சன்!

ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்த கூட்டத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "யார் சார் ஜெயிச்சது?" என்று வாலாஜா ரோட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரு பக்கம் ஆட்டக்காரர்கள் மிச்சம் இருக்க, நேரம் முடிந்து ஆட்டம் நின்றால் அது டிரா. கடைசி ஆளும் அவுட் ஆகி, இரண்டு பக்க ரன்னும் சமமாக இருந்தால் அது டை. மனிந்தர் மட்டும் அந்த இரண்டு பந்தைத் தடுத்திருந்தால், அதே ஸ்கோருக்கு டிரா என்று பேர். அவுட் ஆனதால் டை! டெஸ்ட் கிரிக்கெட் தோன்றி நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதுவரை ஒரே ஒரு டைதான் வந்திருந்தது. 1960 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் ஆடிய மேட்ச். இரண்டாவது நம்ம சேப்பாக்கம். மூன்றாவது இன்றுவரை வரவில்லை.

இதில் ஒரு ருசிகரம். பிரிஸ்பேன் மேட்சில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய பாப் சிம்ப்சன், சென்னை மேட்சில் அதே அணிக்குப் பயிற்சியாளர். இரண்டு டையையும் பார்த்த பாக்கியவான். சிம்ப்சன் என்றால் பேட்டைக்காரர்களுக்கு அதுவரை பஸ் ஸ்டாப்தான்!

அன்று ராத்திரி டீக்கடையில் பஞ்சாயத்து.

"இந்தியா ஜெயிக்கலே. மீசையை எடு" என்றார் மீன்கடைக்காரர்.

"ஆஸ்திரேலியாவும்தான் ஜெயிக்கலே. நீ எடு."

"சமமா முடிஞ்சா அது டிராதானே? ரெண்டு பேரும் எடுங்க" என்று அச்சகத்துக்காரர் நுழைந்தார்.

"டிரா வேற, டை வேற. ரேடியோவிலேயே சொல்லிட்டான்."

மூன்று பேரும் நாயர் முகத்தைப் பார்த்தார்கள். சாட்சி அவர்தானே? நாயர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "மூணு டீ காசு பாக்கி. அதைக் கொடுங்க முதல்ல" என்றார். மீசை விவகாரம் அடுத்த மேட்ச் வரைக்கும் ஒத்திவைக்கப்பட்டது.

செல்போனுக்குள் போன பந்தயம்

ஜோசியருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. தீவுத்திடலுக்குப் போவது நின்று பல வருடம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. டீன் ஜோன்ஸ் 2020 செப்டம்பர் 24ந் தேதி மும்பையில் திடீரென்று காலமான செய்தி வந்தபோது, சொந்தக்காரர் போனமாதிரி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

1999 ஜனவரியில் பாகிஸ்தான் டெஸ்டுக்கும் சேப்பாக்கத்தில் இருந்தார். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்து, இன்னும் 17 ரன் வேண்டும் என்கிற கட்டத்தில் அவுட் ஆகி, 12 ரன்னில் தோற்ற மேட்ச். அன்று ஸ்டேடியமே எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. ஜோசியரும் தட்டினார். அன்றும் ஆருடம் 'இந்தியா'தான்.

அவர் பேரன் தலைமுறையில் பெஞ்ச் மாறிப்போனது. டீம் கட்டுவது, ஆருடம் சொல்வது எல்லாம் செல்போனில். 49 ரூபாய் கட்டினால் கோடி என்று ஆசை காட்டிய காலம் ஒன்று வந்தது. பந்தயத்தில் போனது மீசை இல்லை, சம்பளம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தடைச் சட்டம் நிறைவேறிய பிறகுதான் பணம் கட்டி ஆடும் அந்த ஆப்கள் கடையைச் சாத்தின. திருட்டு வழிகள் இன்னும் இருப்பதாகப் போலீஸ் செய்திகளைப் படித்தாலே தெரியும். "எங்க காலத்துல தோத்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். இப்ப தோத்தது பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியலே" என்று ஜோசியர் முனகுவார்.

அது கிடக்கட்டும். ஒத்திவைத்த மீசை என்ன ஆச்சு?

மறுபடியும் மனிந்தர்

ஒரு வருடம் கழித்து, 1987 அக்டோபர் 9 வெள்ளிக்கிழமை. உலகக் கோப்பை. அதே சேப்பாக்கம். அதே ஆஸ்திரேலியா. டீக்கடையில் அதே மூன்று மீசை.

ஜோசியர்: "இந்தியா."

மீன்கடைக்காரர்: "ஆஸ்திரேலியா."

ஒரு நாள் ஆட்டத்தில் டிரா கிடையாது. அச்சகத்துக்காரர் யோசித்தார். போன வருடப் பாடம் மறக்கவில்லை. "நான் டை மேல கட்டறேன்!" கடையே சிரித்தது.

ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர் 268 என்று நின்றது. அதற்குள் ஒரு தகராறு. மனிந்தர் பந்தில் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு அடியை நாலு என்று கொடுத்திருந்தார்கள். இல்லை, அது ஆறு என்று ஆஸ்திரேலியா முறையிட்டது. இடைவேளையில் கேப்டன் கபில்தேவ் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது.

சித்து 73, ஸ்ரீகாந்த் 70 என்று விளாசித் தள்ளினார்கள். சுலபமாக ஜெயிக்க வேண்டிய மேட்ச். பின்னால் வந்தவர்கள் மளமளவென்று சரிந்தார்கள். கடைசி ஓவரில் 6 ரன் வேண்டும். மட்டை பிடித்து நின்றவர் மனிந்தர் சிங்! ஐந்தாவது பந்தில் ஸ்டீவ் வா அவரை போல்டு ஆக்கினார். ஒரு பந்து பாக்கி. இந்தியா 269 ஆல் அவுட். ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

அச்சகத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். டைக்கு ஒரு ரன்தான் குறைவு!

மறுநாள் காலை சலூன். மீன்கடைக்காரர் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அச்சகத்துக்காரர் வாக்குத் தவறாதவர். வலது பக்கத்தைக் கொடுத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அச்சகத்துக்கு ஓடிவிட்டார். ஜோசியர் நாற்காலியில் உட்கார்ந்தார். சோப்பு போட்டாகிவிட்டது. கத்தி கிட்டே வந்தது.

"நில்லுப்பா. ஒரு நிமிஷம்" என்றார் ஜோசியர். "இடைவேளை வரைக்கும் போர்டுல இன்னா இருந்தது? 268. நாம அடிச்சது இன்னா? 269. அப்ப கெலிச்சது யாரு?"

"அது கபிலே ஒத்துக்கினு மாத்துனது நைனா. அவருக்கு இல்லாத வருத்தம் உனக்கின்னா?" என்றார் மீன்கடைக்காரர்.

"கபில் ஒத்துக்கினாரு. நான் ஒத்துக்கினேனா?"

சலூன்காரர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"சார், சோப்பு காயுது. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."